விண்ணரசி டீச்சர் சொல்லாத பதில்

ஆகஸ்ட் 8, செவ்வாய்

லென்ஸ் கம்பெனிக்காரன் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி இன்றைக்குத்தான் மேஜை டிராயரில் அகப்பட்டது. ஏழு மாதத் தாள் வெறுமனே போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. இன்றைக்கு எழுதாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

செண்பகாவின் பள்ளிக்கு ஒரு விலங்கியல் டீச்சர் வந்திருக்கிறார். விண்ணரசி என்று பெயர். வள்ளியூர்ப் பக்கமிருந்து ஜூன் மாதம் மாற்றலாகி வந்தவர். அவர் என் மகளை மூன்றாவது பெஞ்சிலிருந்து எழுப்பி முதல் பெஞ்சில் நடுவில் உட்கார வைத்தாராம். அதோடு விட்டாரா? "அப்பாகிட்டச் சொல்லி ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரில கண்ணைக் காட்டு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். யாரிடம்? குற்றாலிங்கத்திடம். இந்த ஊரில் பாதிப் பேர் மூக்கில் உட்கார்ந்திருப்பது நான் மாட்டிய கண்ணாடி. என் மகளுக்குக் கண் பார்க்க எனக்கே ஒருவர் வழி சொல்கிறார்.

பிள்ளை பள்ளிப் படிக்கட்டில் தடுக்கி விழுந்ததைப் பார்த்தாராம். தடுக்கி விழாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? மார்ச்சில் அவள் கண்ணாடி நம்பரை மாற்றினேன், ஜூனில் மறுபடியும் மாற்றினேன். வேண்டுமானால் இன்னொரு தடவை மாற்றிவிட்டுப் போகிறேன்.

சாயங்காலம் ஆதிமூலம் சார் கடைக்கு வந்தார். அனல்மின் நிலையத்தில் இஞ்சினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். 'படைப்பறிவு வட்டம்' என்று ஒன்று நடத்துகிறார். உலகம் தானாக வந்ததல்ல, அறிவுள்ள ஒருவன் திட்டம் போட்டு வடிவமைத்தது; இதை அறிவியல் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் கட்சி. செண்பகா படிக்கும் பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமப் பாடம் ஆரம்பிக்கப்போகிறது என்றார். எந்த டீச்சர் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9, புதன்

வெயில் பாக்கி இருக்கும்போதே டியூஷன் வாசலுக்குப் போய்ச் செண்பகாவைக் கூட்டி வந்துவிட்டேன். இருட்டிய பிறகு அந்தத் தெருவில் நாய்த் தொல்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

கல்யாண மண்டப மாடியில் படைப்பறிவு வட்டத்தின் கூட்டம். கோயில் கமிட்டி, சர்ச், பள்ளிவாசல் என்று மூன்று தரப்புப் பெரியவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கி விஷயத்தில் வருஷக்கணக்காக முறைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் டீ எடுத்துக் கொடுத்ததைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆதிமூலம் சார் திரையில் படம் போட்டுப் பேசினார். வயல்காட்டில் ஒரு பம்புசெட் கிடந்தால் அது தானாக முளைத்தது என்பீர்களா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிறகு என்னைக் கூப்பிட்டுக் கண்ணைப் பற்றிப் பேசச் சொன்னார். எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. ஆனால் கண்ணைப் பற்றிப் பேச எனக்கு மேடை எதற்கு? விழிவெண்படலம், லென்ஸ், விழித்திரை என்று வரிசையாகச் சொல்லி, இவ்வளவு கச்சிதத்தைத் திட்டமில்லாமல் யார் செய்ய முடியும் என்று கேட்டேன். நல்ல கைதட்டல். சட்டை முதுகெல்லாம் வேர்வை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவருவதாக முடிவாயிற்று. நானும் அந்தக் குழுவில் பெற்றோர் உறுப்பினர்தான். 'பரிணாமத்துக்குச் சமமான நேரம் படைப்பறிவுக்கும் ஒதுக்க வேண்டும்' என்று ஆதிமூலம் சார் எழுதினார். 'மறுக்கும் ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டும்' என்ற கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது நான். அது தேவையா என்று அவர் யோசித்தார். தேவை என்றேன்.

ஆகஸ்ட் 16, புதன்

கரண்ட் போய்விட்டது. செண்பகா அடுக்களையில் குடத்தைத் தட்டிவிட்டாள், தரையெல்லாம் தண்ணீர். ஆவுடை துடைத்துக்கொண்டே, "அத்தான், நாம ஒரு எட்டு திருநெல்வேலி போய்க் காட்டிட்டு வந்திருவோமா?" என்றாள். ஆவுடை என் மனைவி, என் தாய்மாமன் மகள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசாதவள், இப்போதுதான் அடிக்கடி பேசுகிறாள். கரண்ட் இல்லாத நேரத்தில் குடம் யார் கண்ணுக்குத் தெரியும் என்று அதட்டினேன். ஜன்னல் வழியே நிலா வெளிச்சம் இருந்ததென்று அவள் சொன்னாள்.

கரண்ட் வந்த பிறகு செண்பகா என்னிடம் வந்து நின்றாள். "எப்பா, எங்க டீச்சரை மாத்தச் சொல்லி எழுதியிருக்கியளாமே?"

யார் சொன்னது என்று கேட்டேன். வகுப்பில் எல்லோருக்கும் தெரியுமாம். டீச்சர் ஏதும் சொன்னாரா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். இவளுடைய பாடக்குறிப்பை மட்டும் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தாராம்.

ஆகஸ்ட் 21, திங்கள்

ஆதிமூலம் சாரும் நானும் தலைமை ஆசிரியர் முருகையா சாரைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர். எந்தப் பக்கமும் சாயாமல் நாற்காலியில் உட்காரத் தெரிந்தவர். தீர்மானம் நிறைவேறினால் மேலிடத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும், பொதுத்தேர்வு வருஷத்தில் தகராறு வேண்டாமென்று அங்கே டீச்சரை எங்காவது அனுப்பிவிடவும் கூடும் என்றார். பிறகு, எதற்கும் அவரையே கூப்பிட்டுக் கேட்டுவிடுவோம் என்று ஆள் அனுப்பினார்.

விண்ணரசி டீச்சரை அப்போதுதான் முதலில் பார்த்தேன். ஒல்லி. கையில் சாக்பீஸ் தூள். கண்ணாடிச் சட்டம் ஒருபக்கம் தாழ்ந்து தொங்கியது. அதை நிமிர்த்திக் கொடுக்க என் கை பரபரத்தது வேறு விஷயம். சண்டைக்கு வருவார் என்று தயாராகப் போயிருந்தேன். ஆதிமூலம் சார் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்கதான் கண்ணைப் பத்திப் பேசுனீங்களா சார்? ரொம்ப நல்லாப் பேசுனீங்கன்னு சொன்னாங்க. ஒரு பீரியடு நீங்களே வந்து எடுங்களேன். நான் கடைசி பெஞ்சில உக்காந்துக்கிறேன்" என்றார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முருகையா சார் தொண்டையைச் செருமினார். யார் வகுப்பெடுத்தாலும் முன்கூட்டியே பாடக்குறிப்பு எழுதித் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதியாம். டீச்சர் ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டுக் கொடுத்தார். நோக்கம், கருத்து, மாணவர் செய்து பார்ப்பது, மதிப்பீடு. நாலாவது கட்டத்துக்குக் கீழே, 'இந்தக் கருத்து தவறாக இருந்தால் எப்படித் தெரிந்துகொள்ளலாம்?' என்று கையால் ஒரு வரி எழுதினார். அது விதியில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, எல்லாப் பாடத்துக்கும் அவரே சேர்த்துக்கொள்வதாம். பரிணாமத்துக்கும் எழுதியிருக்கிறார், காட்டினார். முயலே இல்லாத காலத்துப் பாறை அடுக்கில் முயல் எலும்பு கிடைத்தால் பாடமே தப்பு என்று எழுதியிருந்தது. தன் பாடத்தைக் கவிழ்க்கும் வழியைத் தானே எழுதி வைத்திருக்கும் ஆளை நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 23, புதன்

நோக்கம் எழுதியாயிற்று. கருத்தும் எழுதியாயிற்று, அழகாகவே வந்திருக்கிறது. பிள்ளைகள் என்ன செய்து பார்ப்பார்கள் என்ற கட்டம் காலி. கண்ணைப் பார்த்து வியக்கலாம். வியப்பது செய்து பார்ப்பதில் சேருமா?

ஆதிமூலம் சாரிடம் கேட்டேன். அந்தம்மா வேண்டுமென்றே கிடுக்கிப்பிடி போடுகிறார், 'வடிவமைத்தவனைப் பற்றி விவாதிப்பர்' என்று எழுதுங்கள் என்றார். வடிவமைத்தவன் யார் என்று பிள்ளைகள் கேட்டால்? அதைச் சொல்லக்கூடாது, சொன்னால் மதமாகிவிடும், அது அவரவர் வீட்டில் என்றார். இதைப் பெஞ்சிலிருந்த மூன்று தரப்பிடமும் போனில் கேட்டிருக்கிறார். மூன்று பேரும் கட்டாயம் சொல்லத்தான் வேண்டும் என்றார்களாம். யார் பெயரைச் சொல்வது என்பதில் நேற்று மாலையே பேச்சு முறிந்துவிட்டது.

ஆகஸ்ட் 25, வெள்ளி

வகுப்பெடுத்துவிட்டேன்.

கடையிலிருந்த பிளாஸ்டிக் கண் மாதிரியை எடுத்துப் போனேன். இத்தனை முகம் ஒரே சமயம் என்னைப் பார்த்ததில் முதலில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மாதிரியைப் பிரித்து லென்ஸைக் கையில் எடுத்ததும் சரியாகிவிட்டது. டீச்சர் சொன்னபடியே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார், என்னவோ பரீட்சைக்குப் படிப்பவர் மாதிரி.

கேள்வி கேட்கச் சொன்னேன். ஒரு பெண் எழுந்து, "கண்ணு அவ்வளவு கச்சிதம்னா எங்க வகுப்புல பாதிப் பேருக்கு எதுக்கு சார் கண்ணாடி?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. டீச்சர் எழுந்தார். இத்தோடு என்னை ஊதித் தள்ளிவிடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தவர்களைப் பார்த்து, "சார் தன் வேலையை விட்டுட்டு வந்து நமக்குப் பாடம் எடுக்காங்க. கேள்வி நல்ல கேள்வி. சிரிப்பு எதுக்கு?" என்றார். பிறகு என்னிடம் அனுமதி கேட்டு, ஆளுக்கொரு தாளில் ஒரு பெருக்கல் குறியும் ஒரு புள்ளியும் போடச் சொன்னார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பெருக்கல் குறியையே பார்த்தபடி தாளை மெல்ல முகத்தருகே கொண்டுவந்தால் ஓரிடத்தில் புள்ளி காணாமல் போகும். நரம்பு விழித்திரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் இடம் அது, அங்கே பார்வை கிடையாது. எனக்குத் தெரிந்த விஷயம்தான். மேடையில் ஏன் சொல்லாமல் விட்டேன் என்று தெரியவில்லை. "இது ஏன் இப்படி இருக்கு? சார் சொன்னதை வெச்சும் யோசிங்க, பாடத்தை வெச்சும் யோசிங்க. எது விளக்குதுன்னு பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். என்னைத் தோற்கடிக்க அவ்வளவு நல்ல வாய்ப்பு, அதை அப்படியே பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்.

கண் மாதிரியை வரிசையாகக் கையில் கொடுத்து வந்தேன். செண்பகாவின் இடப்பக்கம் போய் நின்று நீட்டினேன். அவள் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீட்டிய கையோடு நின்றேன். டீச்சர் பின்னாலிருந்து, "செண்பகா, அப்பா உன் இடப்பக்கம் நிக்காங்க" என்றார். அப்போதுதான் முழுத் தலையையும் திருப்பினாள்.

கவனமில்லாத பிள்ளை.

வெளியே வரும்போது டீச்சரிடம், உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலைப் பூசைக்குப் போவாராம். அப்புறம் எப்படி என்று கேட்டேன். "நான் கும்பிடுற சாமியை மார்க் போட்டுத் திருத்த முடியாது சார். வகுப்புல திருத்த முடியறதை மட்டும்தான் எடுப்பேன்" என்றார். இந்த அம்மாளை எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

கடைக்கு விடுமுறை. செண்பகாவைக் கூட்டிப் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சோதித்தேன். எழுத்தெல்லாம் கடைசி வரி வரைக்கும் படிக்கிறாள். கண்ணாடி நம்பரில் குறையே இல்லை. என் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, விரலைக் காதோரத்திலிருந்து மெல்லக் கொண்டுவந்து, தெரியும்போது சொல்லு என்றேன்.

மேலே எழுதப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 2, சனி

திருநெல்வேலிக்கு மூன்று பேரும் போனோம். கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே அங்கங்கே ஒளிப் புள்ளி வரும், தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நான் பின்னால் நின்றேன். புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. பொத்தான் சத்தம் கேட்கவில்லை. அவள் பொத்தானில் கட்டைவிரலை வைத்துத் தயாராகக் காத்துக்கொண்டிருந்தாள்.

விழித்திரை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறதாம். இருட்டில் தெரியாமல் போவது முதல் அடையாளமாம். மெதுவாகத்தான் போகும், நடுப்பார்வை பல காலம் நிற்கலாம், இப்போதைக்கு முழுசாகத் தீர்க்க மருந்து கிடையாது என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பிறகு, "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார். ஆவுடை தலையை ஆட்டினாள். அதற்கப்புறம் ஊர் வந்து சேரும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

பஸ்ஸில் செண்பகா ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி இரைச்சலில் எனக்குக் காதில் விழாத அந்த நோயின் பெயரை டாக்டரம்மாவிடம் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறாள். "டீச்சர்கிட்ட கேக்கணும்" என்றாள்.

செப்டம்பர் 4, திங்கள்

ஆதிமூலம் சார் ஆப்பிளும் ஆரஞ்சுமாக வீட்டுக்கு வந்தார். செண்பகாவுக்குக் கண்ணில் ஏதோ என்று கேள்விப்பட்டாராம். உண்மையிலேயே வருத்தப்பட்டார், அதில் சந்தேகமில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்துக்கும் ஒரு திட்டம் இருக்கும் அண்ணாச்சி. நமக்குத்தான் இப்பப் புரியாது" என்றார். ஒரு நிமிஷம் அது எனக்கு இதமாக இருந்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு ஆவுடை பழங்களை எடுத்து வைத்தாள். "எந்தத் திட்டம்னு கேட்டுச் சொல்லுங்க அத்தான். எம் பிள்ளை கண்ணை எடுத்துத்தான் நடத்தணும்னு அது என்ன திட்டம்?"

வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வருகிறேன் என்று ஆதிமூலம் சாரிடம் சொல்லியிருக்கிறேன். கொடுத்த வாக்கு.

செப்டம்பர் 6, புதன்

இன்றைக்கு வகுப்பு முடிந்ததும் செண்பகா டீச்சரிடம் தனியாகப் போய்க் கேட்டிருக்கிறாள். ஆய்வகத்தில் இரண்டு பேர் மட்டும். தன் கண் தப்பாக வந்ததா, யாராவது செய்த பாவமா என்று கேட்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. தெருவில் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மரபணு நகலாகும்போது எங்காவது ஓரிடம் மாறிப்போவதைப் படமாக வரைந்து காட்டினாராம். அப்படி மாறிய இடம் ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்கிறது, பெரும்பாலும் தெரியாமலே போய்விடும், ஒரே மாற்றம் அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் சேர்ந்து வந்தால் சில சமயம் வெளியே தெரியும் என்றாராம். பிறகு சொன்னதைச் செண்பகா எனக்கு அப்படியே திருப்பிச் சொன்னாள். "யாரும் உன்னைய நினைச்சு இப்படிப் பண்ணலை. நீ ஒண்ணும் தப்புப் பண்ணலை. உங்க அம்மாவும் அப்பாவும் பண்ணலை. அவங்களுக்குத் தெரியவே தெரியாது. வீட்டுக்குப் போனதும் இதை அவங்ககிட்டயும் சொல்லு."

சொன்னாள். ஆவுடை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே என் தோளில் கை வைத்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். நானும் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

செப்டம்பர் 8, வெள்ளி

கூட்டம் மூன்று மணிக்கு. பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. குழுத் தலைவி பேச்சித்தாய், தையல் கடை வைத்திருப்பவர், தீர்மானத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். கடைசி வரி வந்தபோது எனக்குத் தலை கவிழ்ந்தது.

டீச்சரை விளக்கம் சொல்லச் சொன்னார்கள். சுருக்கமாகச் சொன்னார். பிள்ளைகளிடம் எதைச் சொன்னாலும் அது எப்படித் தெரியும், தப்பாக இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், படைப்பறிவுக்கு அந்தக் கட்டத்தை யாராவது நிரப்பிக் கொடுத்தால் நாளைக்கே எடுப்பேன் என்றார். சம நேரம் தர முடியாதா என்று கேட்டதற்கு, முடியாது என்றார். வேறு பள்ளிக்கு மாற்றினாலுமா என்றார்கள். "அங்கயும் பிள்ளைங்கதானே இருப்பாங்க" என்றார்.

ஆதிமூலம் சாருக்குச் சூடேறிவிட்டது. எழுந்து, அவருடைய வழக்கமான பேச்சை எடுத்தார். பம்புசெட், செல்போன், கடைசியில் கண். "படைப்புல குறை இருக்குன்னு மறைமுகமாச் சொல்லுதிய. தாள்ல புள்ளி மறையுறதெல்லாம் ஒரு குறையா? நிஜமான குறை, கண்ணுல ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. நான் இந்தத் தீர்மானத்தைக் கிழிச்சுப் போட்டுருதேன்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவருக்கு நினைவு வந்தது. முகம் செத்துப் போயிற்று. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். அரை நொடிகூட இருக்காது. பதில் அவர் வாய் வரைக்கும் வந்துவிட்டது, நான் பார்த்தேன். ஆய்வகத்தில் தன் எதிரே உட்கார்ந்து கேட்ட பிள்ளையின் பெயரைச் சொன்னால் போதும், அங்கே ஒருவரும் வாய் திறக்க முடியாது. அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "இப்ப எங்கிட்ட காட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றார்.

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். டீச்சர் தோற்றுவிட்டார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பேச்சித்தாய் தீர்மானத்தை ஏற்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். கைகள் எழத் தொடங்கின.

நான் எழுந்துவிட்டேன். "டீச்சர்கிட்ட பதில் இருக்கு. எம் மகளுக்கு விழித்திரை சுருங்கிட்டு வருது. இன்னும் சில வருஷத்துல எவ்வளவு மிஞ்சும்னு டாக்டருக்கே தெரியாது. இது அவங்களுக்குத் தெரியும். சொல்லியிருந்தா இந்த நிமிஷமே ஜெயிச்சிருப்பாங்க. சொல்லலை. இப்பேர்ப்பட்ட ஆளை மாத்தணும்னு கடைசி வரியை எழுதச் சொன்னவன் நான்தான். அந்த வரியை எடுத்துருங்க."

ஆதிமூலம் சார் மெதுவாக முன்னால் வந்து பேச்சித்தாயின் கையிலிருந்து தாளை வாங்கினார். கிழிக்கவில்லை, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே எடுத்துக்கொண்டதால் அது இல்லாமல் போயிற்று என்று முருகையா சார் அறிவித்தார். டீச்சர் எங்கேயும் போகவில்லை.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு. வராந்தாவில் டீச்சரிடம் போய் நின்றேன், நன்றி சொல்வார் என்று. எதற்குப் பொய் எழுத வேண்டும், அதற்காகத்தான் போனேன்.

டீச்சரின் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் கண்டிப்பாக இருந்தது. "சார், இதை இத்தனை பேர் முன்னால சொல்லலாமான்னு செண்பகாகிட்ட கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை.

"அவ எங்கிட்ட மட்டும் சொன்னது அது. எந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாத்துனாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். போங்க சார். வேற யாரும் போய்ச் சொல்றதுக்கு முன்னால நீங்களே போய்ச் சொல்லிருங்க."

இவ்வளவு நேரம் அவர் என் முகத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டார் என்று நினைத்திருந்தேன். அவர் என்னை நினைக்கவே இல்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்த மரியாதை அது. நான் பெற்றவன், எனக்கு அது தோன்றவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். செண்பகா கடைசி வரை கேட்டாள். பிறகு, "அது நான் சொல்ல வேண்டியது, எப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபம் நியாயமானது.

செப்டம்பர் 9, சனி

செண்பகா பேசவில்லை. தோசை மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

செப்டம்பர் 11, திங்கள்

காலையில் புறப்படும்போது செண்பகாவே வாயைத் திறந்தாள். "ஊருக்கே தெரிஞ்சாச்சு. இனி அரைகுறையாத் தெரியண்டாம். நானே சொல்லிக்கிடுதேன்."

முதல் பீரியடில் டீச்சரிடம் அனுமதி கேட்டு, முன்னால் போய் நின்று, கரும்பலகையில் விழித்திரையை வரைந்து, தன் கண்ணில் எது போய்விட்டது, எது இருக்கிறது என்று தானே விளக்கியிருக்கிறாள். ஓரத்தில் நின்று கை காட்டினால் நான் திரும்ப நேரமாகும், திமிர் என்று நினைக்காதீர்கள் என்றாளாம். ஒரு பையன் 'பாவம்' என்று ஆரம்பித்தானாம். டீச்சர் அவனை முடிக்க விடாமல், விளக்கம் சரியாக இருந்ததா, கேள்வி ஏதும் உண்டா என்று வகுப்பைக் கேட்டிருக்கிறார். கேள்விகள் வந்தனவாம். எல்லாவற்றுக்கும் இவள் பதில் சொல்லியிருக்கிறாள். மணி அடித்ததும் டீச்சர், "நாளைக்கு அடுத்த பாடம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

என் வயதையும் அனுபவத்தையும் வைத்துக்கொண்டு மேடையில் நான் கண்ணைப் பற்றிப் பேசினேன். என் மகள் இன்றைக்குப் பேசியதற்கு முன்னால் அது வெறும் விளம்பரம்.

மாலையில் வழக்கம்போலக் கடையிலிருந்து டியூஷன் வாசலுக்குக் கிளம்பப் போனேன். ஆவுடை போன் செய்து, வர வேண்டாம் என்று பிள்ளை சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்றாள். கடை வாசலில் நின்றேன். இருட்டிவிட்டது, தெருவிளக்கு பாதி எரியவில்லை. பஸ்நிலையப் பக்கமிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி செண்பகா. இன்னொருத்தி அவளுடைய வகுப்புத் தோழி அகிலா, செண்பகாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தார்கள். தெருவிலிருந்த ஒரு பள்ளத்துக்குச் சற்று முன்னால் அகிலா ஏதோ சொன்னாள், செண்பகா காலை எட்டி வைத்துத் தாண்டினாள்.

இத்தனை நாளும் யாருக்கும் தெரியக்கூடாதென்று வெயில் தாழுமுன் ஓடி ஓடிப் போய்க் கூட்டி வந்தேன். தெரிந்த பிறகு அவளுக்கு ஒரு கை கிடைத்திருக்கிறது.

கடைப் படியை விட்டு நான் இறங்கவில்லை. என்னைத் தாண்டிப் போனார்கள். அவளுக்கு நான் நின்றது தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன், பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன்.